பாடும்போது கண்ணீர், வீட்டில் கத்தல்: இயேசுவை நேசிக்கிறேன் என்று நான் சொல்வது உண்மையா?

சுருதிபேதம்:
வணக்கம். நான் இங்கே அதிகம் எழுதுகிறவன் இல்லை, படித்துவிட்டுப் போகிறவன். இந்த வாரம் மனசு சரியில்லை, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் 11 வருடமாக ஆராதனையில் பாட்டு நடத்துகிறேன். போன ஞாயிறு காலை கிளம்புகிற நேரத்தில் கிட்டார் ஒயரைக் காணோம். பையனுக்கு 12 வயது. என் சாமான்களை எடுத்து நோண்டுகிற பழக்கம் உண்டு. அவன் வேலைதான் என்று முடிவுகட்டி, வாசலில் ஷூ மாட்டிக்கொண்டிருந்தவனை நிறுத்திக் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதக் கூச்சமாக இருக்கிறது. அவன் ஒன்றுமே சொல்லவில்லை. ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் வெறும் சாக்ஸ், அப்படியே நின்றான். சபையில் வேறொருவரிடம் ஒயர் வாங்கிச் சமாளித்தேன்.

அரை மணி நேரம் கழித்து மேடையில் கண்ணை மூடிக்கொண்டு ஆண்டவருடைய அன்பைப் பாடுகிறேன். கண்ணீர் வழிகிறது. கண்ணைத் திறந்தால் மூன்றாவது வரிசையில் அவன். பாடவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராத்திரி படுக்கப் போகும்போது கேட்டான்: "அப்பா, சபையில ஒரு குரல்ல பேசுறீங்களே, அது வீட்டுக்கு வராதா?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை.

அந்தக் கண்ணீர் நடிப்பில்லை என்று எனக்குத் தெரியும். அப்படியானால் அது என்ன? இயேசுவிடம் எனக்கு இருப்பது அன்பா, இல்லை பாட்டின் மேல் இருக்கும் மயக்கமா? 'இன்னும் அதிகமாக ஜெபியுங்கள்' என்று மட்டும் யாரும் எழுத வேண்டாம், தயவுசெய்து.

அதிகாலைவெளிச்சம்:
பிரதர், அதிகாலை 4 மணிக்கு எழுந்து ஒரு மணி நேரம் ஜெபியுங்கள். எல்லாம் மாறும். ஆமென்.

கணக்குப்பிள்ளை:
கடைசி வரியைப் படிக்காமலே பதில் போட்டாயிற்று. 😀

பழையதோல்பை:
தம்பி, சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். யோவான் 14:15. "நீங்கள் என்னிடத்தில் அன்பாயிருந்தால் என் கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்." கற்பனை என்றால் கட்டளை. அழுங்கள் என்று சொல்லவில்லை, பாடுங்கள் என்றும் சொல்லவில்லை. உணர்ச்சி என்பது மழை வெயில் மாதிரி. அதை வைத்து நிலம் நல்ல நிலமா என்று சொல்ல முடியாது. சொன்னதைச் செய்கிறீர்களா, அவ்வளவுதான். பையனிடம் கத்தினீர்கள், அது தப்பு. திருத்திக்கொள்ளுங்கள். இதில் 'என் அன்பு உண்மையா' என்று உட்கார்ந்து உள்ளே தோண்டிக்கொண்டிருப்பதும் ஒரு வகையில் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதுதான்.

மார்த்தாளின்தங்கை:
ஐயா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணீரை இப்படித் தள்ளிவிட வேண்டாம். லூக்கா 7-ஆம் அதிகாரத்தில் பரிசேயனாகிய சீமோன் வீட்டு விருந்தை நினைத்துப் பாருங்கள். கற்பனைகளைக் கைக்கொள்வதில் அந்த வீட்டுக்காரரை மிஞ்ச அந்த ஊரில் ஆள் இருந்திருக்காது. அவரிடம் இயேசு என்ன சொல்கிறார்? "நீ என் கால்களுக்குத் தண்ணீர் தரவில்லை." எல்லாம் சரியாக வைத்திருந்த வீட்டில் ஒரு பாத்திரம் தண்ணீர் இல்லை. பாவி என்று ஊர் சொன்ன ஒரு பெண், அழுதுகொண்டு வந்தவள்தான், கண்ணீரால் அவர் கால்களை நனைத்தாள். இயேசு அவளை 'உணர்ச்சிவசப்படாதே' என்று அதட்டவில்லை.

500 வெள்ளிக்காசு கடன்பட்டவன், 50 வெள்ளிக்காசு கடன்பட்டவன் என்று அங்கேயே ஒரு கதையும் சொல்கிறார். இருவருக்குமே கொடுக்க வக்கில்லை, இருவருக்கும் மன்னிக்கப்பட்டது. இதில் யார் அதிகமாய் அன்புகூருவான் என்பதுதான் கேள்வி. அன்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு அவர் காட்டிய இடம் அது. எனக்கு எவ்வளவு மன்னிக்கப்பட்டது என்பது மறந்துபோனால், கைக்கொள்வதெல்லாம் சீமோன் வீட்டு விருந்து மாதிரிதான் ஆகும்.

சுருதிபேதம் அண்ணா, உங்கள் கண்ணீரில் தப்பு இல்லை. அவள் கண்ணீர் ஒருவருடைய கால்மேல் விழுந்தது, உங்களுடையது மைக் ஸ்டாண்டோடு நின்றுவிட்டது என்று தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சுருதிபேதம்:
கோபம் இல்லை அக்கா. சுருக்கென்று இருந்தது, ஆனால் சரிதான்.

பழையதோல்பை:
தங்கச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறேன். நான் எடுத்துக் காட்டிய வசனம் இயேசு சீஷர்களின் கால்களைக் கழுவிய அதே ராத்திரியில் சொன்னது. அன்று அவர் புதிதாகக் கொடுத்த கட்டளை 13:34-இல் இருக்கிறது: நான் உங்களில் அன்பாயிருந்ததுபோல நீங்களும் ஒருவரிலொருவர் அன்பாயிருங்கள். அதனால் 'கற்பனை' என்றதும் ஒரு பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்ளக் கூடாதுதான். அந்த ராத்திரியில் கற்பனை என்றால் தண்ணீர்ப் பாத்திரமும் துண்டும்.

தோமாவின்நண்பன்:
நான் சபைக்குப் போவதை விட்டு ஆறு வருடம் ஆகிறது. சண்டை போட வரவில்லை, ஒரு சந்தேகம் கேட்க வந்தேன்.

என் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கடவுள் நம்பிக்கையே கிடையாது. பிள்ளைகளிடம் ஒரு நாளும் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. நீங்கள் எல்லோரும் 'இயேசுவை நேசிப்பது என்றால் மனிதரிடம் நன்றாக நடந்துகொள்வது' என்ற இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறீர்கள். அப்படியானால் இயேசு எதற்கு? நேராக மனிதரையே நேசித்துவிட்டுப் போகலாமே, நடுவில் ஒருவர் ஏன்?

இரவுப்பணி:
இந்தக் கேள்விக்கு எனக்கு முழுப் பதில் தெரியாது நண்பரே. என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

நான் நர்ஸ். பெரும்பாலும் ராத்திரி டூட்டி. எங்கள் வார்டில் கொஞ்ச நாள் ஒரு முதியவர் இருந்தார். ஞாபகம் தப்பிவிட்டது. விடியற்காலை மூன்று மணிக்குப் படுக்கையை நனைத்துவிடுவார், மாற்றப் போனால் கையைத் தட்டிவிடுவார், கெட்ட வார்த்தை வரும். மாற்றி முடித்துக் கையுறையைக் கழற்றும்போது, யார் நீ, என் மகளை எங்கே என்பார். ஐந்து நிமிடத்தில் நான் வந்ததே அவருக்கு மறந்துவிடும். அதாவது அந்த வேலைக்கு நன்றி என்ற ஒன்று வரவே வராது. மேலதிகாரிக்கும் தெரியாது.

அந்த நேரத்தில் மனித அன்பு என்று என்னிடம் இருந்தது தீர்ந்துபோயிருக்கும். எனக்குத் தீர்ந்துபோகும், உங்கள் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தீராமல் இருக்கலாம், அவர் என்னைவிட நல்லவராக இருக்கலாம். எனக்கு அப்போது போய் எடுத்துக்கொள்ள வேறொரு இடம் தேவைப்பட்டது. ஜெபம் என்றுகூடச் சொல்ல முடியாது. சிங்க்கில் கை கழுவும்போது 'ஆண்டவரே, இன்னும் ஒரு தடவை' என்பேன். அவ்வளவுதான்.

அப்புறம் மத்தேயு 25. பசித்தவனுக்கும் வியாதிக்காரனுக்கும் செய்தது எனக்கே செய்தது என்று இயேசு சொல்கிற இடம். அந்தப் பகுதியை எங்களைப் போன்றவர்களுக்கு அடிக்கடி சொல்வார்கள், நோயாளியில் இயேசுவைப் பாருங்கள் என்று. நானும் முயற்சி செய்தேன். ஒரு நாள் எனக்கே அருவருப்பாகிவிட்டது. அந்த மனிதருக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு மகள் இருக்கிறாள், நான் அவரை முகமூடி மாதிரி ஆக்கி, அதற்குப் பின்னால் வேறொருவரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். திரும்ப அந்தப் பகுதியைப் படித்தேன். அங்கே நீதிமான்களுக்குத் தாங்கள் செய்தது இயேசுவுக்கு என்று தெரியவே தெரியாது! எப்பொழுது உம்மைக் கண்டோம் என்று கேட்கிறார்கள். அவர்கள் பசித்தவனைப் பசித்தவனாகவே பார்த்திருக்கிறார்கள். இன்னொன்று, "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்றுதான் இருக்கிறது, சுகமாக்கினீர்கள் என்று இல்லை. விசாரிக்கப் போவதற்கு வரம் எதுவும் வேண்டாம், கால் இருந்தால் போதும்.

தோமாவின்நண்பன்:
நேர்மையான பதில். எனக்கு இன்னும் ஒப்பவில்லை, ஆனால் நன்றி. 'தீர்ந்துபோகும்' என்றீர்களே, அது எனக்கும் தெரிந்த இடம்தான்.

சிறுமலர்:
நான் கத்தோலிக்கர். இதைப் படித்ததும் குழந்தை இயேசுவின் தெரேசா ஞாபகம் வந்தார். 1873-இல் பிறந்து 1897-இல், 24 வயதிலேயே காசநோயில் இறந்துபோன பிரெஞ்சுக் கன்னியர். 15 வயதில் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துக்குள் போனவர் வெளியே வரவே இல்லை. பெரிய ஊழியம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது.

மடத்தில் ஒரு சகோதரியை அவருக்குக் கொஞ்சமும் பிடிக்காது. பேச்சு, நடை, சுபாவம் எல்லாமே எரிச்சல். அதை வெளியே காட்டாமல், மிகவும் பிடித்தவரிடம் எப்படி இருப்பாரோ அப்படியே அவரிடம் இருந்தார், பார்க்கும்போதெல்லாம் சிரித்தார். பதிலுக்கு வாய் துடிக்கிற நேரங்களில் விலகி ஓடிப்போயும் இருக்கிறார், அதை அவரே எழுதியிருக்கிறார். கடைசியில் அந்தச் சகோதரியே வந்து, என்னிடம் உனக்கு அப்படி என்ன பிடித்திருக்கிறது என்று கேட்டாராம்.

எனக்கு இதில் பிடித்தது அந்த ஓட்டம்தான். புனிதருக்கே சில நாள் சிரிப்பு கைகொடுக்கவில்லை, காலைத்தான் நம்ப வேண்டியிருந்தது.

கணக்குப்பிள்ளை:
சிரிப்புக்குறி போட்டுவிட்டுப் போனவன் நான். இப்போது கொஞ்சம் வெட்கமாக இருப்பதால் என் கதையையும் எழுதுகிறேன்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஒரு பில்லுக்கு முந்தைய மாதத் தேதி போடச் சொன்னார்கள். நான் கிறிஸ்தவன், போட மாட்டேன் என்றேன். அடுத்த ஞாயிறு சபையில் அதைச் சாட்சியாகவும் சொன்னேன். கைதட்டினார்கள். நான் சொல்லாமல் விட்டது: நான் மறுத்ததும் அந்தப் பில் எனக்குக் கீழே இருந்த பெண்ணின் மேஜைக்குப் போயிற்று. வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆன பெண். போட்டுவிட்டாள். தணிக்கையில் அது பிடிபட்டபோது கேள்வி அவளைத்தான் கேட்டார்கள். நான் என் மேஜையில் சுத்தமான கையோடு உட்கார்ந்திருந்தேன்.

இயேசுவுக்காக நிற்கிறேன் என்று நினைத்தேன். என் சட்டையில் கறை படாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான் நடந்தது.

வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவை அப்போதுதான் சரியாகப் படித்தேன். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாய் வாங்கினது நாலத்தனையாகத் திரும்ப. லூக்கா 19-ஐ எத்தனை தடவை படித்தாலும் இயேசு அதைக் கேட்டதாக ஒரு வார்த்தை இல்லை. உன் வீட்டில் தங்குவேன் என்று மட்டும்தான் சொன்னார். கணக்கு எழுதுகிறவன் கண்ணுக்கு அது பெரிய விஷயம். கேட்காத கடனை யாரும் நாலு மடங்காகக் கட்ட மாட்டார்கள்.

பிறகு மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். தாமதமாகத்தான். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது, அந்தப் பெண்ணின் கோப்பில் இருந்ததை எடுத்துவிட்டார்கள். அவள் என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டிய கட்டாயமும் அவளுக்கு இல்லை.

இரண்டாம்பிள்ளை:
என்னுடையது வேறு மாதிரி. என் அண்ணன் முழுநேர ஊழியத்தில் இருக்கிறான். அம்மாவைப் பார்த்துக்கொள்வது நான். மருந்துக்குப் பணம் கேட்டால், அது ஆண்டவருக்கென்று எடுத்து வைத்தது என்கிறான். மாற்கு 7-இல் 'கொர்பான்', அதாவது இது தேவனுக்குக் காணிக்கை, என்று சொல்லித் தாய் தகப்பனைத் தள்ளிவிட்டவர்களை இயேசு என்ன சொன்னார் என்று அவனுக்குத் தெரியாதா? பிரசங்கமே செய்திருக்கிறான்! அவன் போகிற சபையின் பெயர் [நெறியாளரால் நீக்கப்பட்டது].

நெறியாளர்:
சபைகளின் பெயர், ஊழியர்களின் பெயர் வேண்டாம். சகோதரியின் வருத்தம் புரிகிறது. பதிவை விட்டுவைத்துப் பெயரை மட்டும் எடுத்திருக்கிறேன். தொடருங்கள்.

அதிகாலைவெளிச்சம்:
ஆனால் சிஸ்டர், தகப்பனையாவது தாயையாவது என்னிலும் அதிகமாய் நேசிக்கிறவன் எனக்குப் பாத்திரன் அல்ல என்று அதே ஆண்டவர்தானே சொன்னார்? மத்தேயு 10:37. குடும்பமும் விக்கிரகம் ஆகலாம்.

மார்த்தாளின்தங்கை:
ஆகலாம். ஆனால் அதைச் சொன்னவர் சிலுவையில் மூச்சு வாங்க முடியாத நிலையிலும் தன் தாய்க்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போனார். யோவான் 19:26, 27. 'அதிகமாய்' என்ற சொல்லை, அம்மாவுக்குக் குறைவாய்க் கொடு என்று அவர் படிக்கவில்லை. அந்த வசனத்தை நாம் எப்போது எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும். எனக்கு நஷ்டம் வருகிற இடத்தில் எடுக்கிறேனா, இன்னொருவருக்கு நஷ்டம் வருகிற இடத்தில் எடுக்கிறேனா?

அதிகாலைவெளிச்சம்:
கடைசிக் கேள்வி யோசிக்க வைக்கிறது. சரி.

இரவுப்பணி:
இரண்டாம்பிள்ளை, அம்மா தூங்குகிற நேரத்தில் நீங்களும் தூங்குங்கள். அறிவுரை இல்லை, நர்ஸாகச் சொல்கிறேன்.

சிறுமலர்:
பழையதோல்பை ஐயா, யோவான் 21-இல் உயிர்த்தெழுந்த இயேசு பேதுருவிடம் 'என்னை நேசிக்கிறாயா' என்று மூன்று தடவை கேட்டதைப் பற்றி நீங்கள் எழுதுவீர்கள் என்று காத்திருந்தேன்.

பழையதோல்பை:
எழுதலாம். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் ஓர் அழகு உண்டு. இயேசு முதல் இரண்டு தடவை 'என்னிடத்தில் அன்பாயிருக்கிறாயா' என்கிறார். பேதுரு 'உம்மை நேசிக்கிறேன்' என்கிறான். மூன்றாந்தரம் இயேசுவே இறங்கி வந்து 'என்னை நேசிக்கிறாயா' என்று பேதுருவின் சொல்லைப் பிடித்துக்கொள்கிறார். கிரேக்கத்தில் அகபாவோ, பிலியோ என்று இரண்டு சொல் மாறிமாறி வருவதை மொழிபெயர்த்தவர்கள் தமிழிலும் விடாமல் காட்டியிருக்கிறார்கள். இதை வைத்து மணிக்கணக்காகப் பிரசங்கம் செய்வோரும் உண்டு. எனக்கு அதில் கொஞ்சம் தயக்கம். யோவான் அந்த இரண்டு சொல்லையும் வேறு இடங்களில் ஒரே பொருளில் எழுதுகிறார், பிதா குமாரனை நேசிப்பதற்கே இரண்டும் வருகிறது.

எனக்குப் பெரிதாகப் படுவது கரிநெருப்பு. இயேசு அப்படிக் கேட்ட கடற்கரையில் கரிநெருப்பு எரிகிறது. புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் வருவது இரண்டே இடம். இன்னொன்று 18-ஆம் அதிகாரத்தில், இயேசு பிடிபட்ட ராத்திரியில் பேதுரு குளிர்காய்ந்துகொண்டே அவரை அறியேன் என்று மறுதலித்த முற்றம். அதே வாசனையில் உட்காரவைத்துத்தான் அவர் கேட்கிறார். மறுதலித்ததைப் பற்றி ஒரு வார்த்தை எடுக்கவில்லை. பேதுரு அழுதாயிற்று, மனங்கசந்து அழுதான் என்று முன்பே எழுதியாயிற்று. இப்போது அழுகையையும் கேட்கவில்லை. ஆம் என்ற ஒவ்வொரு தடவைக்கும் 'என் ஆடுகளை மேய்' என்று ஆட்டைக் கையில் கொடுக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இவ்வளவு பேர் மனந்திறந்து எழுதிய பிறகு நான் மட்டும் போதகம் செய்துகொண்டிருப்பது சரியில்லை. தம்பிக்கு இருப்பது ஒரு வியாதி என்றால் எனக்கு அதற்கு நேர் எதிரான வியாதி. 40 வருடத்தில் ஆராதனை தவறியதில்லை, காணிக்கை தவறியதில்லை, வீட்டில் குரல் உயர்த்தியதும் இல்லை. என் மனைவி ஒரு நாள் சொன்னாள்: "நீங்க ஜெபம் பண்றது வருகைப் பதிவேடு வாசிக்கிற மாதிரி இருக்கு." வெளிப்படுத்தின விசேஷம் 2-இல் எபேசு சபைக்கு எழுதினதைப் பாருங்கள். கிரியை இருந்தது, பிரயாசம் இருந்தது, பொறுமை இருந்தது, ஆதியில் கொண்டிருந்த அன்பு மட்டும் இல்லை. கீழ்ப்படிதலைத்தான் பார் என்று உங்களுக்கு முதலில் எழுதினேனே, அந்தக் கணக்கில் எபேசு சபை தேறிவிடும்.

அதற்கு இயேசு சொன்ன மருந்துதான் எனக்கு ஆச்சரியம். பழையபடி உணரு என்று சொல்லவில்லை. ஆதியில் செய்த கிரியைகளைச் செய் என்கிறார். நான் யோசித்துப் பார்த்தேன், ஆதியில் நான் என்ன செய்தேன் என்று. விசுவாசத்துக்கு வந்த புதிதில் வேலை விட்டு வரும்போது ஒரு நிறுத்தம் முன்னாடியே இறங்கி, அவரோடு பேசிக்கொண்டே நடந்து வருவேன். அதை எப்போது விட்டேன் என்றே ஞாபகம் இல்லை. போன மாதம் திரும்ப ஆரம்பித்தேன். முதல் பத்து நாள் முழங்கால் வலியைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இப்போதும் பெரிதாக ஒன்றும் இல்லை. நடக்கிறேன்.

தோமாவின்நண்பன்:
இந்தப் பதிவை இரண்டு தடவை படித்தேன் ஐயா.

கணக்குப்பிள்ளை:
சுருதிபேதம் எங்கே? இழையைத் தொடங்கிவிட்டு ஆளைக் காணோம்.

சுருதிபேதம்:
இங்கேதான் இருக்கிறேன். எல்லாவற்றையும் படித்தேன். நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பலிபீடத்தில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்ற வசனம் இரண்டு நாளாக மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. மத்தேயு 5-இல் இருப்பது. பாட்டு நடத்துவதைக் கொஞ்ச நாள் விட்டுவிடலாமா என்று பாஸ்டரிடம் கேட்டேன். விடுவதும் விடாததும் உன் இஷ்டம், ஆனால் விடுவதையும் ஒரு பெரிய காரியமாக ஆக்கிவிடாதே என்றார். சரியாகப் பிடித்துவிட்டார். மனசுக்குள் ஒரு சின்ன நாடகம் அதற்கும் தயாராகத்தான் இருந்தது.

அப்புறம் பையனிடம் போனேன். ஹோம்வொர்க் செய்துகொண்டிருந்தான். 'அன்று கத்தினது என் தப்பு, மன்னித்துவிடு' என்றேன். 'நீ ஏன் என் சாமான்களை எடுக்கிறாய்' என்று ஒரு வால் சேர்க்க நாக்கு நுனி வரை வந்தது. சேர்க்கவில்லை. அவன் தலை நிமிராமல், "சரிப்பா" என்றான். அவ்வளவுதான். கட்டிப்பிடித்தான், அழுதான் என்றெல்லாம் எழுத எனக்கும் ஆசைதான், நடக்கவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்த பிறகு, இங்கே நான் எழுதாமல் விட்ட ஒன்று உறுத்தியது. அந்த ஒயர் ஞாயிறு சாயங்காலமே கிடைத்துவிட்டது. என் கிட்டார் பையிலேயே, பின்பக்க ஜிப்பில். நான்தான் வைத்திருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை, மனைவிக்கும் சொல்லவில்லை, உங்களுக்கும் சொல்லவில்லை. மறுபடியும் எழுந்து போய் அதையும் சொன்னேன்.

இந்த முறை நிமிர்ந்து பார்த்தான். "தெரியும்பா. அன்னைக்கு நீங்க அந்தப் பையில வைக்கிறதை நான்தான் பார்த்தேனே."

அப்படியானால் அப்போதே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"சொல்லலாம்னு வாயைத் திறந்தேன். நீங்க நிறுத்தவே இல்லையே."